எக்கோ நார்மல், ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது: கல்லீரல் நோயும் இதயமும்

#1 வைகைக்கரை

வணக்கம். அப்பா விஷயமாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 61. சுகர் வந்து இருபது வருஷம் இருக்கும். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. கொழுப்பு படிந்து படிந்து கல்லீரல் சுருங்கி, சிரோசிஸ் வரை வந்துவிட்டது. வயிற்றில் நீர் கட்டுகிறது. மாத்திரையில் அடங்காதபோது ஊசி வைத்து எடுக்கிறார்கள். உணவுக்குழாயில் ரத்தக்குழாய்ப் புடைப்பு இருப்பதால் கார்வெடிலால் 6.25 காலையும் இரவும். முன்பு பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர். அதையெல்லாம் நிறுத்திவிட்டார்கள், இப்போது 100/60 தான் இருக்கிறது. "பிரஷர் குணமாகிவிட்டது" என்று அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் பதிவு செய்வதற்கு முன் இதயத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். எங்கள் பகுதி இதய டாக்டர் எக்கோ எடுத்தார். இ.எஃப். 68 சதவீதம், பம்பிங் பிரமாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் மாற்று அறுவைக் குழு அதை மட்டும் ஏற்கவில்லை. மறுபடியும் விரிவான எக்கோ, ஏதோ குமிழி டெஸ்ட், டோபுட்டமின் என்ற மருந்தை ஏற்றி இன்னொரு எக்கோ, தேவைப்பட்டால் ஆஞ்சியோ என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்தால் அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

இதயம் நன்றாக இருக்கிறது என்றால் ஏன் மூச்சு வாங்க வேண்டும்? நன்றாக இல்லை என்றால் 68 எப்படி வந்தது? சித்தப்பா "எல்லாம் பில் ஏற்றுகிற வேலை" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகப்பிராணி

சித்தப்பாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பேக்கேஜ் என்று ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் எல்லா டெஸ்டையும் எழுதும் பழக்கம் இருக்கத்தான் செய்கிறது. போதாததற்கு, சிரோசிஸ்காரர்களுக்கு மாரடைப்பே வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொலஸ்ட்ரால் தானாகவே குறைந்துவிடும், பிரஷரும் குறைந்துவிடும், ரத்தமும் சீக்கிரம் உறையாது. அப்புறம் எங்கிருந்து அடைப்பு வரும்?

#3 நைட் டூட்டி

நான் கல்லீரல் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாக நடப்பதைத்தான் சொல்ல முடியும்.

வைகைக்கரை, உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அந்த 68, இதயம் நன்றாக இருப்பதற்கான சான்றிதழ் அல்ல. பாதி, அது கல்லீரல் நோயின் விளைவு.

கல்லீரல் இறுகிப்போனால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியே போக முடியாமல் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. அதை ஈடுகட்ட, நைட்ரிக் ஆக்சைடு முதலான பொருட்கள் சுரந்து, குடல் பக்கத்து ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்துவிடுகின்றன. டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தலைமடையில் மதகுகளை எல்லாம் திறந்துவிட்டால் ஆற்றில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வந்து சேராது. இங்கே கடைமடை சிறுநீரகம். உடம்பில் நீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு அது உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. வயிற்றில் நீர் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதே நேரத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இதயத்தை ராப்பகலாக விரட்டிக்கொண்டே இருக்கின்றன.

இ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகிறது என்ற கணக்கு. வெளியே குழாய்கள் விரிந்து கிடந்தால் எதிர்ப்பே இல்லை, தள்ளுவது சுலபம். களைத்த இதயம்கூட 65, 70 காட்டும். படி ஏறும்போது, காய்ச்சல் வரும்போது, ரத்தப்போக்கு ஆகும்போதுதான் சாயம் வெளுக்கும். மாதக்கணக்கில் விரட்டப்பட்டு விரட்டப்பட்டு இதயத் தசையில் அந்த ஹார்மோன்களை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகள் மரத்துப்போயிருக்கும். ஓடச் சொன்னாலும் வேகம் கூடாது. தசையும் கொஞ்சம் விறைத்துவிடுவதால் துடிப்புகளுக்கு நடுவே சரியாகத் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. இதைத்தான் சிரோட்டிக் கார்டியோமயோபதி என்கிறோம்.

இது புதுக்கதை இல்லை. 1953லேயே கோவல்ஸ்கி, ஏபல்மன் என்ற இருவர், சிரோசிஸ் நோயாளிகளின் இதயம் ஓய்வில் இருக்கும்போதே அளவுக்கு அதிகமாக ரத்தம் இறைக்கிறது என்று அளந்து எழுதினார்கள். வெகுகாலம் அதைச் சாராயத்தின் தலையில் போட்டுவிட்டு உலகம் சும்மா இருந்தது. குடிக்காதவர்களிடமும் அதே மாற்றம் தெரிந்த பிறகுதான் தனி நோயாக ஏற்றுக்கொண்டார்கள். 2005இல் மாண்ட்ரியலில் முதல் அளவுகோல் வகுத்தார்கள். 2019இல் அதைத் திருத்தினார்கள்.

மாற்று அறுவைக்கு முன் ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால், புதுக் கல்லீரலைப் பொருத்திக் கவ்வியை எடுக்கும் அந்த நிமிடத்தில், குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் மிகுந்த ரத்தம் நேரே இதயத்துக்குப் பாயும். அங்கேயே துடிப்பு தடுமாறுகிறவர்கள் உண்டு. அதைத் தாண்டினாலும் அடுத்த சில நாட்களில் விரிந்திருந்த குழாய்கள் பழைய நிலைக்குச் சுருங்கும். இத்தனை காலம் எதிர்ப்பில்லாமல் ஓடிய இதயம் திடீரென்று முழு அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

அதனால் பட்டியல் நியாயமானதே. உங்கள் ஊர் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. அவர் ஓய்வில் இருக்கும் இதயத்தைப் பார்த்தார்.

சந்தேகப்பிராணி, உங்கள் கேள்விக்குத் தனியாக வருகிறேன், இப்போது வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

#4 எக்கோ ரூம்

பதினைந்து வருஷத்துக்கு மேல் எக்கோ எடுக்கிறேன். டாக்டர் சொன்னதோடு என் அறையில் நடப்பதையும் சேர்க்கிறேன்.

சீட்டில் "எக்கோ" என்று மட்டும் எழுதி வந்தால் நாங்கள் பார்ப்பது பம்பிங், வால்வு, சுவர் அசைவு. காத்திருக்கும் கூட்டத்தில் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். "சிரோசிஸ், மாற்று அறுவை மதிப்பீடு" என்று எழுதியிருந்தால் அதே மெஷினில் வேறு கணக்குகள் எடுப்போம். தசை தளரும் வேகம், அதாவது நடுச்சுவர் அருகே நொடிக்கு 7 செ.மீ.க்குக் கீழே போனால் விறைப்பு என்று சந்தேகம். இடது மேலறையின் கொள்ளளவு உடல்பரப்பின் சதுர மீட்டருக்கு 34 மில்லியைத் தாண்டினால் உள்ளே அழுத்தம் நாள்பட்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். மூவிதழ் வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் என்றால் நுரையீரல் பக்க அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் தவறினால் உடனே நோய் என்று முத்திரை குத்த மாட்டார்கள், சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அப்புறம் ஸ்ட்ரெய்ன் என்று ஒன்று. தசைநார் நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று சொல்லும். அது 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இ.எஃப். 68 ஆனாலும் 70 ஆனாலும் தசை களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை சீட்டில் நோயின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். செலவு இல்லாத காரியம்.

குமிழி டெஸ்ட் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. உப்புநீரை இரண்டு சிரிஞ்சுக்கு இடையே முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளிக் கலக்கினால் நுண்ணிய குமிழிகள் வரும். அதைக் கை நரம்பில் ஏற்றுவோம். திரையில் வலது பக்க அறைகள் பொங்கியதுபோல வெள்ளையாகும். நுரையீரலின் தந்துகிகள் மிகவும் குறுகல் என்பதால் குமிழிகள் அங்கேயே நின்றுவிட வேண்டும். முதல் மூன்று துடிப்புக்குள் இடது பக்கம் தெரிந்தால் இதயச் சுவரில் ஓட்டை இருக்கலாம். மூன்று துடிப்பு கழித்துத் தெரிந்தால் நுரையீரலில் குழாய்கள் விரிந்துபோயிருக்கின்றன. கல்லீரல் நோயில் இந்த இரண்டாவதுதான் நாங்கள் தேடுவது.

இன்னொன்று. வயிறு நீரால் இறுகி இருக்கும்போது எடுத்த எக்கோவை நம்பி முடிவெடுப்பது கஷ்டம். உதரவிதானம் மேலே தள்ளி, இதயம் நசுங்கினாற்போல இருக்கும். முடிந்தால் நீர் எடுத்த பிறகு வாருங்கள்.

#5 காரைக்குடி வள்ளி

எக்கோ அக்கா சொன்ன அந்த இரண்டாவது வகைதான் என் அம்மாவுக்கு.

மற்றவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் சரியாகும். அம்மாவுக்கு நேர்மாறு. உட்கார்ந்தால், நின்றால் திணறல். படுத்தால் நிம்மதி. "சோம்பல், படுத்தே கிடக்கிறாள்" என்று அத்தை ஏசிக்கொண்டிருந்தார். விரல் நுனிகளும் உருண்டு, உதடு நீலம் பூத்திருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் படுத்திருக்கும்போது ஒரு எண், எழுந்து உட்கார்ந்ததும் வேறு எண். அதைக் கவனித்தவர் ஒரு இளம் நர்ஸ்.

இதற்கென்று மாத்திரை இல்லை, ஆக்சிஜனும் மாற்று அறுவையும்தான் வழி என்றார்கள். அறுவை முடிந்ததும் மறுநாளே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தோம், அப்படி இல்லை. பல மாதம் வீட்டிலும் சிலிண்டர் வைத்திருந்தோம். மெல்ல மெல்லத்தான் குழாய்கள் பழைய நிலைக்கு வந்தன. இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறார்.

வைகைக்கரை தம்பி, அப்பாவைப் படுக்கவைத்தும் உட்காரவைத்தும் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

#6 வைகைக்கரை

நன்றி அக்கா. இன்று அளந்தேன். இரண்டிலும் 96, 97 தான். எக்கோ அக்கா சொன்னபடி சீட்டிலும் எழுதி வாங்கிவிட்டேன்.

டாக்டர் சார், ஒரு சந்தேகம். பீட்டா ஏற்பி மரத்துப்போய் இதயம் வேகமெடுக்கவில்லை என்கிறீர்கள். அப்பா சாப்பிடும் கார்வெடிலாலும் பீட்டாவைத் தடுக்கும் மாத்திரைதானே? எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது ஆகாதா?

#7 திருச்சி மாப்பிள்ளை

இதே கேள்வி எனக்கும். எங்கள் தெருவில் ஒருவர் தலைசுற்றல் என்று, அதே வகை மாத்திரையான புரோப்ரனோலாலைத் தானாகவே நிறுத்தினார். கொஞ்ச நாளில் ரத்த வாந்தி எடுத்து, நல்ல வேளை, புடைப்பில் பேண்ட், அதாவது ரப்பர் வளையம், போட்டுக் காப்பாற்றினார்கள். அதனால் நிறுத்தலாம் என்று யாரும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.

#8 நைட் டூட்டி

நல்ல கேள்வி, நாங்களே பல வருஷம் சண்டை போட்ட விஷயம்.

போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கக் கையில் இருப்பவற்றில் உருப்படியான மாத்திரைகள் இவைதான். ரத்த வாந்தியைத் தடுப்பது மட்டுமில்லை, ஆரம்பக் கட்ட சிரோசிஸில் வயிற்று நீர் வருவதையே தள்ளிப்போடும் என்று 2019இல் ஸ்பெயினிலிருந்து வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதன் பிறகு கார்வெடிலாலுக்கு மவுசு கூடியது. தினம் 12.5 மில்லிகிராம் போதும் என்பது பொதுவான வழக்கம். உங்கள் அப்பா அதே அளவில்தான் இருக்கிறார்.

ஆனால் நோய் முற்றி, வயிற்று நீர் எந்த மாத்திரைக்கும் அடங்காத கட்டத்தில், உடம்பு நிற்பதே இதயத்தின் அந்தக் கூடுதல் ஓட்டத்தை நம்பித்தான். அப்போது அதை அடக்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகும். மேல் பிரஷர் 90க்குக் கீழே போனாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறினாலோ, கடும் தொற்று வந்தாலோ அளவைக் குறைப்போம் அல்லது தற்காலிகமாக நிறுத்துவோம். நிறுத்தினால் புடைப்புகளுக்கு பேண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு டாக்டரோடு சேர்ந்து போட வேண்டியது. வீட்டில் காலையில் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

அந்த 100/60 பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரஷர் குணமாகவில்லை. குழாய்கள் விரிந்ததால் இறங்கியிருக்கிறது. பழைய பிரஷர், சுகர் இரண்டும் இத்தனை வருஷம் இதயக் குழாய்களில் செய்துவைத்த வேலை அப்படியே இருக்கும்.

இதிலேயே சந்தேகப்பிராணிக்கும் பதில் இருக்கிறது. சிரோசிஸ் வந்தால் மாரடைப்பு வராது என்பது பழைய நம்பிக்கை. ஒரு காலத்தில் வார்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் குடியால், வைரஸால் வந்தவர்கள், வயது குறைந்தவர்கள். இப்போது வருகிறவர்கள் சுகர், தொப்பை, கொழுப்புக் கல்லீரல் கூட்டம். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் கல்லீரல் இல்லை, இதயமும் ரத்தக்குழாயும்தான். கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரிவது, அதைத் தயாரிக்கும் கல்லீரல் படுத்துவிட்டதால். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அதிகமாக இருப்பதால் ரத்தம் உறையாது என்பதும் தவறு. உறைய வைக்கும் புரதம், உறையாமல் காக்கும் புரதம் இரண்டையும் கல்லீரல்தான் செய்கிறது, இரண்டும் குறைகின்றன. சிரோசிஸ்காரர்களுக்குப் போர்ட்டல் நாளத்திலேயே ரத்தக்கட்டி வருவதை அடிக்கடி பார்க்கிறோம்.

#9 சந்தேகப்பிராணி

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கொலஸ்ட்ரால் மாத்திரை? ஸ்டாட்டின் கல்லீரலைக் கெடுக்கும் என்று எங்கள் குடும்ப டாக்டர் ஃபேட்டி லிவர் தெரிந்த அன்றே என் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

#10 நைட் டூட்டி

வெறும் கொழுப்புக் கல்லீரலுக்கு ஸ்டாட்டினை நிறுத்தத் தேவையில்லை. அது தேவைப்படும் கூட்டமே நீங்கள்தான். வயிற்று நீர், காமாலை, மனக்குழப்பம் எதுவும் இல்லாத சிரோசிஸிலும் கொடுக்கலாம். முற்றிய நிலையில் கதை வேறு. சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிலருக்குத் தசை சிதைந்தது. அதனால் அங்கே 20ஐத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். மிக முற்றியவர்களுக்குப் பலன் நிரூபணமாகவில்லை. உங்கள் டாக்டரிடம் மறுபடி பேசுங்கள்.

#11 மருந்துக்கடை பாண்டி

நான் பார்மசிஸ்ட். இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்று, இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி. சிரோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது நீண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்சார ரீதியாகத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அளவுக்கு மீறி நீண்டால் தாறுமாறான துடிப்பில் ஆள் விழுந்துவிடலாம்.

அதை மேலும் நீட்டும் மருந்துகள் எங்கள் கடையில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கப்படுபவை. சளிக்கு அசித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு ஆஃப்ளாக்சசின், வாந்திக்கு ஓண்டான்செட்ரான், நெஞ்செரிச்சலுக்கு டோம்பெரிடோன் கலந்த மாத்திரை, படர்தாமரைக்கு ஃப்ளூகொனசோல். ஒன்றிரண்டு சேர்ந்து, கூடவே பேதியால் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருந்தால் ஆபத்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெரிந்தே எழுதினால் அது வேறு, அவர்கள் இ.சி.ஜி. பார்த்துக் கொடுப்பார்கள். கடையில் நீங்களாக வாங்கும்போது "கல்லீரல் நோயாளிக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைகால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைப் படுத்திவிடும். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராம் வரை என்பதுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்லும் எல்லை.

#12 வைகைக்கரை

பாண்டி அண்ணா, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை கைமருந்து மாதிரி. டப்பாவை இப்போதுதான் பார்த்தேன், டோம்பெரிடோன் இருக்கிறது. நாளைக்கே கேட்கிறேன்.

#13 தறிக்கார மகன்

நான் சொல்லப்போவது தலைகீழ்க் கதை. கல்லீரலால் இதயம் கெடுவது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். இதயத்தால் கல்லீரல் கெட்டு, அது சிரோசிஸ் என்று தவறாகப் போவதும் உண்டு.

எங்கள் மாமா தறி ஓட்டுகிறவர். வயிறு வீங்கியது, கால் வீங்கியது. ஸ்கேனில் கல்லீரல் பெரிதாக இருந்தது, நீரும் இருந்தது. போன இடத்தில் முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பீர்கள்?" மாமா தொட்டதே இல்லை. யாரும் நம்பவில்லை, மாமிகூட. ஒளித்துக் குடிக்கிறார் என்று வீட்டிலேயே பேச்சு. இரண்டு வருஷம் சிரோசிஸ் மருந்துதான் ஓடியது, நீரும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு வயதான பேராசிரியர் மாமாவைச் சாய்வாக உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்தார். காது வரைக்கும் நரம்பு புடைத்து நின்றது. மூச்சை இழுக்கும்போது இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. வயிற்று நீரின் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அதில் புரதம் எவ்வளவு என்று பார்த்தார். 4 கிராம். "இது கல்லீரல் நீர் இல்லையப்பா" என்றார். சி.டி. ஸ்கேனில் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை கெட்டியாகிச் சுண்ணாம்பு படிந்து இறுக்கிப் பிடித்திருந்தது. சின்ன வயதில் டி.பி. வந்து போயிருக்கிறது. நெஞ்சைத் திறந்து உறையை உரித்து எடுத்தார்கள். வயிறு வற்றிவிட்டது. குடிகாரன் என்ற பெயர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வற்றவில்லை.

டாக்டர் சார், அந்த 4 கிராம் கணக்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

#14 நைட் டூட்டி

உங்கள் மாமாவுக்கு வந்தது கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைட்டிஸ். நம் நாட்டில் அதற்கு முதல் காரணம் டி.பி.தான். பார்க்கிறவர் கழுத்தைப் பார்க்காவிட்டால் சிரோசிஸ் மாதிரியே இருக்கும்.

கணக்கு இதுதான். ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் அளவிலிருந்து வயிற்று நீரின் ஆல்புமினைக் கழித்தால் 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், நீர் வருவது அழுத்தத்தால். சிரோசிஸிலும் வரும், இதயக் கோளாறிலும் வரும். இரண்டையும் பிரிப்பது நீரிலுள்ள மொத்தப் புரதம். இறுகிய கல்லீரலின் நுண்குழாய்களில் ஓட்டைகள் அடைபட்டிருப்பதால் புரதம் கசியாது, பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே நிற்கும். இதயக் கோளாறில் கல்லீரல் ரத்தம் தேங்கிப் பெருத்திருக்குமே தவிர அந்த ஓட்டைகள் திறந்தே இருக்கும், புரதம் தாராளமாகக் கசியும். 2.5க்கு மேல் கண்டால் இதயத்தைத் தேடு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். முதல் முறை நீர் எடுக்கும்போதே இந்த இரண்டையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சாதாரண லேபிலேயே செய்யலாம்.

மாமா விஷயத்தில் எனக்கு எரிச்சல் வருவது அந்தக் குடிக் கேள்வியில்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் இல்லை என்று பதில் வந்தால் வேறு காரணம் தேட வேண்டும், ஆளைச் சந்தேகப்படக் கூடாது. மறுபக்கம், உண்மையாகவே நிறையக் குடிப்பவருக்குச் சாராயம் கல்லீரலையும் இதயத் தசையையும் தனித்தனியே தாக்கும். அங்கே இ.எஃப். 30க்குக்கூட இறங்கியிருக்கும். அது வேறு நோய், குடியை நிறுத்தினால் கணிசமாகத் தேறுகிறவர்கள் உண்டு.

#15 காரைக்குடி வள்ளி

டாக்டர், சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இளநீர் நல்லது என்று எல்லோரும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

#16 மருந்துக்கடை பாண்டி

டாக்டர் வரும்வரை நான். நீர் பிரியக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. இரண்டும் சேர்ந்து, சிறுநீரகமும் மந்தம் என்றால், இதயத் துடிப்புக்கே வினை. "லோ சோடியம்" என்று விற்கும் உப்பும் அப்படியே, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் போட்டிருப்பார்கள். நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 5 கிராம் சாதாரண உப்புக்குள் சமாளித்து, அப்பளம், ஊறுகாய், கருவாடு, வத்தலை ஒதுக்கினால் போதும். ஒரேயடியாக உப்பில்லாமல் போட்டால் சாப்பாடே இறங்காமல் ஆள் இளைத்துவிடுவார், அது இன்னும் மோசம்.

#17 வைகைக்கரை

டெஸ்ட்கள் முடிந்தன. எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

குமிழி இடது பக்கம் வரவில்லை. மருந்தால் துடிப்பை வேகப்படுத்திப் பார்க்கும் அந்த டோபுட்டமின் எக்கோ பாதியில் முடிந்தது. அப்பா வயதுக்குத் துடிப்பு 135ஐத் தொட வேண்டுமாம், 108க்கு மேல் ஏறவேயில்லை. அதனால் "முடிவு சொல்ல இயலாது" என்று எழுதிவிட்டார்கள். ஸ்ட்ரெய்ன் 17. கசிவு வேகம் 3.2. அதைப் பார்த்ததும் நுரையீரல் பிரஷர் அதிகம், மாற்று அறுவையே முடியாமல் போகலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். வீடே அழுதது. பிறகு கழுத்து வழியாகக் குழாய் விட்டு அளந்தார்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 32, வெட்ஜ் என்று எழுதியிருப்பது 22, இதயம் இறைக்கும் ரத்தம் நிமிடத்துக்கு 9 லிட்டர். குழுவில் பெரிய டாக்டர் இதைப் பார்த்துவிட்டு "இது நல்ல செய்தி" என்றார். 32 எப்படி நல்ல செய்தி ஆகும்?

#18 நைட் டூட்டி

ஆகும். கல்லீரல் நோயில் நுரையீரல் அழுத்தம் ஏற மூன்று வழி. ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்வது ஒன்று. நீர் கூடி இடது இதயம் நிறைந்து வழிவது இன்னொன்று. மூன்றாவது, நுரையீரல் குழாயே தடித்துச் சுருங்குவது, போர்ட்டோபல்மனரி ஹைப்பர்டென்ஷன். பயப்பட வேண்டியது அந்த மூன்றாவதுக்கு. அதில் சராசரி 50ஐத் தொட்டுவிட்டால் மாற்று அறுவை மேஜையிலேயே ஆள் போய்விடலாம், அதனால் செய்ய மாட்டார்கள். 35க்கு மேல் என்றால் சில்டெனாஃபில் போன்ற மருந்துகளால் முதலில் இறக்கப் பார்ப்பார்கள்.

எது என்று பிரித்துச் சொல்வது ஒரு சின்னக் கழித்தல் வகுத்தல். 32லிருந்து 22ஐக் கழித்தால் 10. அதை 9 லிட்டரால் வகுத்தால் 1.1 சொச்சம். அதுதான் நுரையீரல் குழாயின் எதிர்ப்பு. 2க்குக் கீழே இருப்பதால் குழாய் நோயில்லை. வெட்ஜ் 22 என்பது இடது பக்கம் நிறைந்து நிற்கிறது என்று சொல்கிறது, 15 வரைதான் இருக்க வேண்டும். ஆக, நீர் அதிகம், இதயம் விறைப்பு, பாய்ச்சலும் அதிகம். அவருடைய மூச்சுத் திணறலுக்கு இதுவே போதுமான காரணம். எக்கோவில் பார்ப்பது ஊகம்தான், அதை வைத்து அழ வேண்டியதில்லை என்று நாங்களும் குடும்பங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நீர் மாத்திரையைச் சரிசெய்து, வெட்ஜ் இறங்குகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் எடுக்கும்போது லிட்டருக்கு 8 கிராம் கணக்கில் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம். உங்கள் அப்பாவுக்கு அதை மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். வயிற்று நீருக்கு டிப்ஸ் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். போர்ட்டல் ரத்தத்தைக் கல்லீரலுக்குள் ஒரு குழாய் வைத்து நேரே இதயத்துக்குத் திருப்பிவிடும் வேலை அது. இந்த இதயத்தின் மேல் அத்தனை ரத்தத்தை ஒரே நாளில் கொட்டக் கூடாது.

துடிப்பு 108ல் நின்றதற்குக் கார்வெடிலாலும் காரணம், நோயும் காரணம். அடைப்பு இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இருபது வருஷச் சுகர் உள்ளவருக்கு அதை விட முடியாது. கிரியேட்டினின் எவ்வளவு?

#19 வைகைக்கரை

1.1 சார். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யலாம் என்கிறார்கள். பிளேட்லெட் 62 ஆயிரம், அதுதான் பயம். அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்தால் ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை போட வேண்டுமே, இங்கே உணவுக்குழாய்ப் புடைப்பு வேறு.

#20 நைட் டூட்டி

மணிக்கட்டு வழி என்றால் 62 ஆயிரத்தில் செய்கிறார்கள். சாய மருந்தைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஸ்டென்ட் தேவைப்பட்டால் முதலில் எண்டோஸ்கோபியில் புடைப்புகளுக்கு பேண்ட் போட்டுவிட்டு, ரத்தத்தை நீர்க்கவைக்கும் இரட்டை மாத்திரைக் காலத்தை எவ்வளவு சுருக்கலாம் என்று இதயக் குழுவும் கல்லீரல் குழுவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனியே பார்த்துவிட்டு வந்து நடுவில் நீங்கள் தூது போகாதீர்கள்.

#21 ஆறாம் வருஷம்

மாற்று அறுவை முடிந்து ஆறாம் வருஷத்தில் இருப்பவன். எனக்கும் முன்பு இதயத் தசை விறைப்பு என்று எழுதியிருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் எக்கோ பெரிய அளவில் சரியாகிவிட்டது. இது பலருக்கும் நடப்பதுதான் என்றார்கள். ஆனால் போன பிரஷர் திரும்பி வந்தது. புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போடும்போது பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றும் ஏறும். பசி திறந்துகொண்டு எடையும் ஏறியது. இப்போது கல்லீரல் டாக்டரை விட இதய டாக்டரைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அப்பா பழைய பிரஷர் மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

#22 வைகைக்கரை

அவரிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. புதன்கிழமை ஆஞ்சியோ. எக்கோ அக்கா, அடுத்த எக்கோ இரண்டு வாரம் கழித்து. பழைய ரிப்போர்ட் போதுமா, எக்கோ படம் பதிந்த சி.டி.யும் வேண்டுமா?

#23 எக்கோ ரூம்

சி.டி.யும் கொண்டுவாருங்கள். ஸ்ட்ரெய்ன் எண் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். அன்றைக்கு அப்பாவின் எடை, பிரஷர், கடைசியாக நீர் எடுத்த தேதி மூன்றையும் சீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.